படம் போட்டவர் பெயர்

"இன்னாடி இது?"

நாகேந்திரன் நோட்டை விரித்து அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். புளி கரைத்துக்கொண்டிருந்த வசந்தா கையை உதறிவிட்டு எழுந்தாள். பதில் சொல்வதெல்லாம் அப்புறம். நோட்டின் ஓரம் தீயில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு முதல் கவலை.

"கோழிங்க," என்றாள்.

கோழி என்பது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் வயிற்றெரிச்சல். பின்பக்கத்திலிருந்து போட்டிருந்தாள். தலையே இல்லை. தூக்கின வாலும், குப்பையைக் கிளறுகிற அவசரமும், பறக்கிற தூசியும் மட்டும். ஆனாலும் அது அடுத்த வீட்டுத் துலுக்கானத்தின் திருட்டுக் கோழி என்று வானகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

நாகேந்திரன் பூந்தமல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். ஏர் பிடித்த குடும்பத்தில் கோட்டும் சைக்கிளும் கண்ட முதல் ஆள். மழைக்காலம் முடிந்த கையோடு வந்த இன்ஸ்பெக்டர் ஜம்புலிங்கம் டிராயிங் மாஸ்டர்களுக்கெல்லாம் ஒரு புது உத்தரவு போட்டிருந்தார். தினம் ஒரு படம் போட வேண்டும். நேற்றுப் போட்டதை இன்று போடக் கூடாது. கோணலாக வந்தாலும் கிழிக்கக் கூடாது. புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தோமா என்பதுதான் பேச்சு. நல்ல நோட்டு பட்டணத்துக் கண்காட்சிக்குப் போகும்.

நம் மாஸ்டர் முதல் நாள் ஒரு செம்பு போட்டான். மறுநாள் அதே செம்பு, நிழல் மட்டும் இடப்பக்கம். அப்புறம் மூடின குடை. அதற்கப்புறம் திறந்த குடை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதைப் பிசகில்லாமல் செய்வான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இரண்டாவது நோட்டு சும்மா கிடந்தது. வசந்தா கேட்டபோது, "எடுத்துக்கோ, புள்ளி வச்சு கோலம் போடு," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தவனும் அவன்தான்.

அவள் கோலம் போடவில்லை. வேலை ஒழிந்த மத்தியானங்களில் அடுப்புக்கரியை எடுத்தாள். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பு பண்ணினாள். அவரை இலையைக் கசக்கிப் பச்சை பூசினாள். அது காய்ந்து சாணி நிறமாகிவிட்டது. போகட்டும் என்று அந்த நிறத்திலேயே எருமையைப் போட்டாள். நாற்று நடுகிற பெண்களை வெறும் முதுகுகளாகப் போட்டாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற மாமியார் நாகம்மாளையும் விட்டுவைக்கவில்லை.

நோட்டைப் பார்த்த அன்றிலிருந்து நாகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே கோழியைப் போட்டுப் பார்த்தான். செம்புக்குக் கால் முளைத்த மாதிரி நின்றது. சர்டிபிகேட் வாங்கினவன் நான், இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கை? அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. "பொம்பளைக்கு இது இன்னாத்துக்கு?" என்று பெயர் வைத்தான். இனிமேல் கரியையும் பென்சிலையும் தொடக் கூடாது என்று வீட்டில் தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டான்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு நோட்டு அனுப்புகிற நாள் வந்தபோது, அவன் தன் பெயரை எழுதிப் பையில் வைத்தது செம்பு நோட்டை அல்ல.

"அது என்னுதுங்க," என்றாள் வசந்தா.

நாகம்மாள் குறுக்கே விழுந்தாள். "உன்னுது இன்னா, என்னுது இன்னா? புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணுதானேடி. அவனுக்குப் பேரு வந்தா உனக்கு வந்தா மாதிரி."

"அப்போ எனக்குப் பேரு வந்தா அவருக்கு வந்தா மாதிரி இல்லியா, அத்தே?"

"வாய மூடு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டரே இறங்கினார், கையில் நோட்டு. வேடிக்கை பார்க்கத் துலுக்கானமும் அவன் பெண்டாட்டி பூங்காவனமும் ஓடி வந்தார்கள். நாகம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாயைத் திறந்துகிட்டுத் தூங்குறது நீங்கதானேம்மா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மாஸ்டர், உங்க கையில இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை. இது கண்காட்சிக்குப் போகுது. நோட்டு மேலே ஒட்டற பெயர்ச் சீட்டை எழுதிடலாம்." பேனாவைத் திறந்தவருக்கு வசந்தாவைக் கண்டதும் ஒரு குறும்பு தோன்றியது. "படம் போட்டவர் பெயரை உங்க வீட்டம்மா வாயாலேயே கேட்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் காட்சியில் பெண்டாட்டிகளைச் சுற்றி நின்றுகொண்டு புருஷன் பெயரைச் சொல்லச் சொல்லி வம்பு பண்ணுவது எந்த ஊரில்தான் இல்லை? பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம்பிக்கை. நாகேந்திரன் வீட்டில் மாமியார் பெயரும் அதே மாதிரி ஆரம்பித்துத் தொலைத்ததால், நாகப்பழம் விற்கிறவனைக்கூட வசந்தா "கறுப்புப் பழம்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

"அது சொல்லாது சார்," என்றாள் நாகம்மாள் பெருமையாக. "நாகப்பாம்பு வந்தாக்கூட பூச்சின்னுதான் சொல்லும்."

"வசந்தா," என்றாள் வசந்தா.

"உன் பேரக் கேக்கலடி!" என்று பூங்காவனம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வசந்தா சிரிக்கவில்லை. "செம்பும் குடையும் போட்டது நாகேந்திரன். இந்த நோட்டு முழுக்கப் போட்டது வசந்தா."

சிரிப்பு நின்றது. "அப்படியா மாஸ்டர்?" என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். நாகேந்திரன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். தன் பெயர் அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அய்யய்யோ, பேரச் சொல்லிட்டாளே!" என்றாள் பூங்காவனம்.

நாகம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "என் புள்ள ஆயுச அறுத்துட்டாளே! தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கோடி பாவி! நைனா, ஒண்ணும் ஆவாதுடா!"

துலுக்கானம் தலையில் அடித்துக்கொண்டான். புருஷன் திருடினதைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவர்களுக்குக் குற்றமாகவே படவில்லை.

இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். நல்ல மனிதர், நாலு சங்கங்களில் பெண் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர். "அழாதீங்கம்மா. உள்ளது உள்ளபடியே எழுதிடறேன்," என்று எழுதி, மை காய ஊதி, நியாயம் செய்துவிட்ட திருப்தியோடு சீட்டை வசந்தாவிடம் நீட்டினார்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். "ஸ்ரீமதி... நாகேந்திரன்."

"மறுபடியும் சொல்றாளே!" என்று அலறினாள் நாகம்மாள்.

"அவரு பேர நான் சொன்னது தப்புன்னு அத்தே அழுவுறாங்க. இப்போ என் பேரே அதுதான்னு நீங்க எழுதிக்கீறீங்க. அப்போ என் பேரையும் நான் சொல்லக் கூடாதா சார்?"

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வசந்தா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கரித்துண்டு இருந்தது. அவரிடமிருந்து நோட்டை வாங்கித் தரையில் விரித்துக் குந்தி, கோழி கிளறின தூசிக்குக் கீழே, அவசரப்படாமல் எழுதினாள்: வசந்தா.

நாகேந்திரன் எட்டிப் பார்த்தான். அவள் கையெழுத்துக்கூட அழகாக இருந்தது. அதற்கும் அவனுக்கு வயிறு எரிந்தது.