மாற்றுச்சீட்டு ஒட்டிய புத்தகங்கள்

என் மனைவி விபேகே புத்தகக் கடை வரிசையில் எனக்கு நாலைந்து பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் சட்டென்று நாய்க்குட்டிப் படம் போட்ட காலண்டர்கள் தொங்கும் கம்பித் தாங்கிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். முதுகுவலிக்காரனும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனுமான ஒருவன் செய்யக்கூடிய காரியமல்ல. ஆனால் காலையில் அவளிடம் துறைமுகத்தில் குளிர்நீர்க் குளியலுக்குப் போகிறேன் என்று சொல்லித் துண்டோடு கிளம்பியவன் நான். துண்டுக்குள் சுற்றியிருந்தது, கிறிஸ்துமஸுக்கு அவள் எனக்குக் கொடுத்த புத்தகம். அவளும் பிரசவ வார்டில் டூட்டி என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் கையில் இருந்ததோ, நான் அவளுக்குக் கொடுத்த புத்தகம்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கோபன்ஹேகனின் எல்லாப் புத்தகக் கடைகளிலும் இந்த வரிசைதான். பரிசுப் புத்தகம் என்றால் பின்னட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு மாற்றுச்சீட்டு ஒட்டித்தான் கொடுப்போம். பிடிக்கவில்லையா, கடையில் நீட்டி வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவர் கேட்கமாட்டார், வாங்கியவர் சொல்லமாட்டார். இந்த நாட்டில் மாமியாரும் மருமகளும் இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்தச் சீட்டுதான் காரணம் என்பது என் ஆய்வு முடிவு. ஆனால் என் பரிசுகளில் ஒட்டும் சீட்டை வெறும் சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்க டிசம்பர் முழுக்க ஊரைச் சுற்றுகிறவன் நான். முதலில் ஃபியோல் தெருவின் நிலவறைப் பழைய புத்தகக் கடை. அங்கே வாங்குவதில்லை, தும்மிவிட்டு வருவேன். பிறகு வெஸ்டர்ப்ரோ பகுதியில், கவிதைக்கு மூன்று மேசையும் பூனைக்கு ஒரு சோபாவும் ஒதுக்கியிருக்கும் கடை. அந்தச் சோபாவில் எனக்கு இதுவரை இடம் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் சுற்றிக் கடைசியில் இந்த டோர்தேயின் கடைக்கு வந்து, அவள் வாயைத் திறப்பதற்குள் நானே முடிவு செய்து, ஒரு கனமான நாவலை எடுத்து நீட்டுவேன். இந்த வருடத்து நாவல், தந்தையை இழந்த ஒருவன் ஒரு தீவில் உட்கார்ந்து நானூறு பக்கம் துயரப்படுவது. விபேகே பிரித்துப் பார்த்து, "அருமை, ஃப்ளெமிங்" என்று கன்னத்தில் முத்தமிட்டாள். ஒவ்வொரு வருடமும் அதே சொல், அதே கன்னம்.

விபேகேயின் முறை வந்தது. டோர்தே துயரப்படுகிறவனை வாங்கி, பிரிக்கப்பட்ட தடம் உண்டா என்று பக்கங்களைக்கூடப் புரட்டாமல், பின்னால் இருந்த குவியலில் போட்டாள்.

"இந்த வருஷமும் கிரீன்லாந்துதானா?"

"வேற என்ன. அந்தக் கிழக்குக் கரைப் புத்தகம் வந்துருச்சா?"

"எடுத்து வெச்சிருக்கேன். வேலை உறுதியாயிருச்சா?"

"மார்ச்ல கிளம்பணும். அங்க ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்க ஆள் இல்லியாம். மூணு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்புறம் பிடிச்சிருந்தா பாக்கலாம்."

"வீட்ல சொல்லியாச்சா?"

"ஒரு அலமாரி முழுக்க சொல்லி வெச்சிருக்கேன் டோர்தே. இன்னும் அவர் காதுல விழல."

முகத்துக்கு நேரே ஒரு நாய்க்குட்டி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. என் காதில் கடையின் சத்தம் எல்லாம் நின்றுபோய், குளிர்நீருக்குள் தலை அமுங்கியதுபோல ஒரு கனம் மட்டும் இருந்தது. உண்மையில் குளிக்கவே போயிருக்கலாம். கூடத்து அலமாரி என்னுடையது, படுக்கையறையில் இருப்பது அவளுடையது. இத்தனை வருடமாக நான் வாங்கிக் கொடுத்தவை அங்கேதான் வரிசையாக நிற்கின்றன என்பது என் நம்பிக்கை. விருந்துக்கு வருகிறவர்களைக் கதவருகில் நிறுத்தி, "இதெல்லாம் என் தேர்வு" என்று தூரத்திலிருந்தே காட்டுவேன். இப்போதுதான் அந்த முதுகட்டைகள் ஒவ்வொன்றாக நினைவில் திரும்பின. வெள்ளை, நீலம், வெள்ளை. ஒன்றில் பனிப்பாறை. ஒன்றில் சறுக்குவண்டி இழுக்கும் நாய். தடிமனான ஒரு கிரீன்லாந்து மொழி அகராதி. மூக்குக்கு ஒரு கை தூரத்தில் தினமும் தூங்கி எழுந்திருக்கிறேன். விருந்தாளிகள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, நல்ல தேர்வு என்று தலையாட்டியிருக்கிறார்கள். நாகரிகமான மக்கள் நாங்கள்.

நிமிர்ந்தபோது தாங்கியும் என்னோடு கொஞ்சம் வந்தது. நாய்க்குட்டிகள் சரசரவென்று தரையில் விழுந்தன.

விபேகே திரும்பினாள். முதலில் துண்டைப் பார்த்தாள்.

"குளிக்கப் போறேன்னே?"

"நீ டூட்டின்னே."

அவள் கண் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அட்டைக்குப் போனது. 'ஒருவருக்கான சமையல்' என்று தலைப்பு. கிறிஸ்துமஸ் இரவில் நான் அதைப் பிரித்தபோது மகள் லோனேயும் மருமகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முட்டை அவிக்கத் தெரியாதவனுக்குச் சமையல் புத்தகம். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளுக்குள் மூன்று நாள் கறுவிக்கொண்டிருந்தேன்.

"அதையா மாத்த வந்தே?"

"கிண்டல் பண்றேன்னு நினைச்சேன்."

"அன்னிக்கு ராத்திரி சொல்லிரலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன்."

எனக்குப் பின்னால், கனத்த கம்பளிப் பின்னல் புத்தகம் ஒன்றை அணைத்தபடி நின்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். "நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, வேணாங்கல. கொஞ்சம் ஓரமா நின்னு பேசினா நான் இதைக் குடுத்துட்டுப் போயிருவேன். பின்னல் கத்துக்கோன்னு என் தங்கச்சி இதைக் குடுத்திருக்கா."

ஓரமாக நின்றோம். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது; அதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டேன்.

"எத்தனை வருஷமா?"

"லோனே வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து."

"நான் குடுத்ததுல ஒண்ணுகூட அங்க இல்லியா?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணு இருக்கு. நீ அதுல காபியைக் கொட்டிட்டே. கடையில மாத்தித் தரமாட்டாங்க."

"படிச்சியா?"

"படிச்சேன். நல்லாவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் வேறு ஏதோவாக மாறிவிடும் போலிருந்ததால் குனிந்து காலண்டர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவளும் குனிந்தாள். அவள் தலையில் நரை எப்போது இவ்வளவு கூடியது என்று எனக்குத் தெரியவில்லை. இவளையும் நான் கதவருகில் நின்று தூரத்திலிருந்தே காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"என்னைக் கூப்பிடலாம்னு தோணலியா?" என்றேன், ஒரு நாய்க்குட்டியிடம்.

"எதுக்கு, அங்க வந்து எனக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கவா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ என்னைக்காவது ஒரு நாள், ஏன்டி இவ்வளவு கிரீன்லாந்துன்னு கேப்பேன்னு பாத்தேன், ஃப்ளெமிங். கேட்டிருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பேன்" என்றாள்.

டோர்தே மேசைக்குப் பின்னாலிருந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையருகில் பேசும் குரலில் கேட்டாள்: "ஃப்ளெமிங், உங்களுக்கு இதுக்குப் பதிலா என்ன வேணும்?"

கடை முழுக்கப் புத்தகங்கள். டிசம்பர் முழுக்க அவற்றுக்கு நடுவில் ராஜா மாதிரி நடந்தவனுக்கு ஒரு தலைப்புகூடக் கண்ணில் படவில்லை. வேண்டாம் என்று தலையாட்டி, சமையல் புத்தகத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டேன்.

வெளியே மழையா பனியா என்று தீர்மானிக்க முடியாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. மதியம்தான், ஆனாலும் தெருவிளக்குகள் எரிந்தன. சைக்கிள்களின் பூட்டைத் திறந்து வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் ஏரிப் பாலத்தின் மேல் சைக்கிள் பாதையில் கூட்டம். அருகருகே போக இடமில்லை. அவள் முன்னால் போனாள். முன்கூடையில் அவள் புத்தகம் இருந்த பிளாஸ்டிக் பை நனைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு, பச்சைக் கோட்டு, காற்றில் பின்னால் அடிக்கும் சால்வை நுனி. ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. கடையில் கேட்காமல் விட்டதைப் பாலத்தின் நடுவில் வைத்து, என்னைத் தாண்டிப் போன இளைஞன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டேன்.

"திரும்பி வருவியா?"

காற்று அதை எந்தப் பக்கம் கொண்டுபோனது என்று தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. நாலு மிதி மிதித்தாள். பிறகு இடது கையை முழங்கையில் மடக்கி, தலைக்கு மேலே உயர்த்தினாள். பின்னால் வருகிறவர்களுக்கு, நான் நிற்கப்போகிறேன் என்று சொல்லும் கை. நான் பிரேக்கைப் பிடித்தேன். பாலத்தின் முனையில் சிக்னல் விளக்கு இன்னும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.