திரை போட்ட வண்டி

மகள் குழல்வாய்மொழி பள்ளிக்கூடத்தில் பந்து உதைப்பதைத் தென்காசிக் கடைவீதியே பேசுகிறது, இன்றோடு அவள் படிப்பு நிற்க வேண்டும் என்று சிவசுப்பிரமணியன் சொல்லிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதம் அது. அவளை அழைத்துவர மனைவி மங்களேஸ்வரியை வில்வண்டியில் அனுப்பினார்.

அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் நடந்ததில்லை. கோயிலுக்குப் போவதும் திரை போட்ட வண்டியில்தான். பள்ளி மதிலோரம் வண்டி நின்றதும் மங்களேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே பிள்ளைகளின் கூச்சல். திரையை விலக்கினாள், மூடினாள், மறுபடியும் விலக்கினாள்.

மதிலைத் தாண்டி விழுந்த பந்து, சாரலில் நனைந்த தெருவில் உருண்டு வெற்றிலைக் கடைக்குப் போயிற்று. அங்கே நின்ற ஒருவன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான். பின்னாலேயே குழல்வாய்மொழி ஓடிவந்தாள்.

"பந்து வேணுமாட்டி? ஒங்கய்யாவ வரச்சொல்லு, தாரேன்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"பந்த மிதிக்கக் கூடாது, அண்ணாச்சி. உதைக்கணும்" என்றாள் அவள். இடத்தை விட்டு நகரவில்லை.

எப்படி இறங்கினோம் என்று மங்களேஸ்வரிக்கே தெரியவில்லை. வண்டிக்காரன் சங்கிலிப்பாண்டி பதறினான்.

"ஆச்சி, அய்யா வைவாவ."

அவள் நேரே கடைக்கு நடந்துபோய்க் கையை நீட்டினாள். சிரிப்பு நின்றது. சேறு படிந்த பந்து கைக்கு வந்தது.

"வீட்டுக்காம்மா?" என்று மகள் கேட்டாள்.

மங்களேஸ்வரி பந்தின் சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சுட்டா?"

"இல்ல."

"அப்பம் போயி ஆடு."

பிறகு சங்கிலிப்பாண்டியிடம் திரும்பினாள். "நீ வண்டிய ஓட்டிட்டுப் போ. நாங்க ரெண்டுபேரும் நடந்து வருதோம்னு அய்யாகிட்ட சொல்லிரு."