சத்தம் போடாத ஜெனரேட்டர்

கரண்ட் போகாமல் இருந்தால் ஊரே சந்தோஷப்படும். நாங்கள் மூன்று பேர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரை வாடகைக்கு விடுகிற கடைக்கு வேறு என்ன கதி? புது மின் நிலையம் வந்த பிறகு தெருவில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நானும் ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஓட்டுவதற்கு ஈயும் வராத நாட்கள் உண்டு.

கொழுந்தனுக்கு நான் வைத்த பெயர் மேதை. எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பான். அப்படித்தான் ஒருநாள் சிறு வியாபாரிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு, சட்டைப்பையில் இலவசப் பேனாவும் வாய் நிறைய இலவச ஞானமுமாகத் திரும்பி வந்தான்.

"அண்ணி, வியாபாரம் இல்லாத காலம்தான் தயாராகுற காலமாம். கூட்டம் வந்தப்புறம் கத்தியைத் தீட்ட நேரம் இருக்காதுன்னு சொன்னாங்க."

"யாரை வெட்டப் போற?" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் அவர். அந்தப் பேச்சு வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே ஒவ்வொரு மெஷினாகப் பிரித்துப் போட்டார். கார்புரேட்டரைக் கழுவினார், இழுக்கிற கயிற்றை மாற்றினார், துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தார். நிறுத்தியே வைத்தால் உள்ளே பெட்ரோல் பிசினாகிவிடும் என்று தினமும் காலையில் முறை வைத்து ஓட்டிப் பார்த்தார். பக்கத்துத் தையல்கடைக்காரர் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளேயே தனியாக ஓட்ட ஆரம்பித்தார்.

அவருக்குத் தலைவலி வந்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் நன்றாகத்தான் கிளம்புவார். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்வார். சில நாள் வாந்தி. ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு போடலையா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் தெளிவாக இருப்பார். "கடையைப் பார்த்தாலே உங்களுக்கு ஆகலை, என்னைப் பார்த்தா குணமாயிடுது" என்று கேலி செய்தேன். டாக்டர் பிரஷர் என்றார், வியாபாரக் கவலை என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பயம். இந்தக் கடை போனால் போகட்டும், எனக்கு அந்த மனுஷன் வேண்டும்.

"மூடிடலாங்க. நாலு வீட்டுக்குச் சமைச்சுப் போட்டாவது நான் காப்பாத்துறேன்."

"ஒரே ஒரு நல்ல புயல் வரட்டும்" என்றார். "அப்புறம் பாரு."

புயல் வர வேண்டும் என்று ஆசைப்படுகிற வீட்டில் என்ன விளங்கும் என்று நினைத்தேன். ஆனால் நானும் உள்ளுக்குள் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தையல்காரர் போட்ட சண்டையிலிருந்து மேதைக்கு ஒரு யோசனை பிறந்தது. சத்தம்தானே எல்லாருக்கும் தொல்லை? எங்கேயோ அலைந்து பெரிய சைலன்சர்களை வாங்கி வந்து எல்லா மெஷினிலும் பொருத்தினான். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமாக வேலை செய்தது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேச முடிந்தது. அண்ணனும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை குலுக்கிக்கொண்டார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மேதை போனில் செய்தி அனுப்பினான்: 'எங்கள் ஜெனரேட்டர் இனி சத்தம் போடாது. பால்கனியிலோ கொல்லையிலோ மழையில் நனைய விட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தைகூட நிம்மதியாகத் தூங்கும்.'

என் தங்கச்சி உடனே கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு ஒண்ணு எடுத்து வை. ஃபேன் நின்னா இவன் தூங்கவே மாட்டேங்குறான்." அவளுக்குக் கைக்குழந்தை.

புயல் வந்தது. செய்தியில் சொன்ன அன்றே எங்கள் போன் ஓயவில்லை. மறுநாள் விடிந்ததும் மேதை வேனில் ஏற்ற ஆரம்பித்தான். முதல் மெஷின் தங்கச்சி வீட்டுக்குப் போனது. மத்தியானத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பிறகு போனும் செத்துவிட்டது. எந்த மெஷினும் முரண்டு பிடிக்கவில்லை, எல்லாம் முதல் இழுப்பிலேயே கிளம்புகிறது என்று ஒவ்வொரு நடைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனான். பட்ட பாடு வீண்போகவில்லை என்று எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பொழுது சாயும் நேரம். கடையில் ஒரு மெஷின் மிச்சம். அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் போயிருந்தார். வெகுநேரமாகியும் காணோம். குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரைத் தரைவரை இறக்கியிருந்தார். உள்ளே மெஷின் மெதுவாக ஓடுவது கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. ஷட்டரைத் தூக்கினேன். ஸ்பேனர் கையில் இருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது.

அந்தக் கனத்த உடம்பை எப்படி வெளியே இழுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போட்ட கூச்சலில் தையல்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் வந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, என் வீட்டுக்காரரை மழையிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"மூடின இடத்துல பெட்ரோல் மெஷினை ஓட்டுவாங்களா? இந்தப் புகையில இருக்கிற விஷ வாயு ஆளையே கொன்னுடும். அதுக்கு வாடைகூடக் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவருக்கு அடிக்கடி தலைவலி வருமா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் வாந்தியெடுத்தார். கண்ணைத் திறந்தார். என் கையைத் தேடிப் பிடித்தார். நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கு என் மனுஷன் கிடைத்துவிட்டார்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. மேதை சொட்டச் சொட்ட நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறங்கினான்.

"எல்லாம் குடுத்தாச்சு அண்ணி! ஒண்ணு விடாம வீட்டுக்குள்ளேயே வெச்சுக் குடுத்தேன். சாரல் அடிக்குதேன்னு ஜன்னலெல்லாம் நானே சாத்திட்டு வந்தேன்." அதற்குப் பிறகுதான் தரையில் கிடந்த அண்ணனைப் பார்த்தான்.

நர்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். அந்தப் பழைய இரைச்சல்தான் இத்தனை வருஷமும் எங்கள் மெஷினை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அதைத்தான் நாங்கள் மெனக்கெட்டு, ஆற அமர, பழுது பார்த்துச் சரி செய்திருக்கிறோம்.

அவரைத் தையல்காரரிடமும் நர்ஸிடமும் விட்டுவிட்டு வேனில் ஏறினேன். மேதை குத்திக் குத்திப் பார்த்தும் சாவி துவாரத்தில் நுழையவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமா தெரியாது" என்று அழுதான். "அழுதது போதும், ஓட்டு" என்று கத்தினேன். ஊர் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. அத்தனையும் எங்கள் வெளிச்சம். எதை விட்டு எதற்கு முதலில் போவது? நான் தங்கச்சி வீட்டைச் சொன்னேன். அதற்கு நடுவில் இரண்டு வெளிச்சங்களைத் தாண்டிப் போனோம்.

தங்கச்சி வீட்டில் விளக்கு எரிந்தது. இரண்டு கையாலும் கதவை அடித்தேன். அவளைக் கூப்பிட்டேன், பிள்ளையைக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. காதைக் கதவில் வைத்தேன். உள்ளே எங்கள் மெஷின் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.