பஸ் ஓடாத வாரத்தின் கண்ணீர்

சேலம் ரோட்டில் பஸ் ஓடாத அந்த ஒரு வாரமும் தெய்வசிகாமணி ஒரு தடவைகூட இமைக்கவில்லை. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். இட ஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். லாரி இல்லை, பஸ் இல்லை, நாய்கள் தார் ரோட்டின் நடுவில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கின. எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே, ரோட்டைப் பார்த்த ஓட்டு வீட்டின் வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே இருந்தார். தூங்கும்போதும் கண் திறந்துதான் இருந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள அந்த வாரம் வேறு விஷயங்கள் இருந்தன.

அவருக்கு நடுக்குவாதம் வந்து அப்போது நாலு வருஷம். முதலில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து இல்லாத புளியங்கொட்டை ஒன்றை ஓயாமல் உருட்ட ஆரம்பித்தன. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலத்தில் எடுக்கிறவர் என்பதால், தொழில் கைக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று ஊர் கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் முகம் கடைசியாகச் சிரித்த சிரிப்புகளில் அது ஒன்று. பிறகு நடை சின்னதாயிற்று, குரல் தொண்டைக்குள் இறங்கியது, முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி எதற்கும் அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே இருந்த மனிதர் பழைய மனிதர்தான். கோபம், கிண்டல், பாசம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, வெளியே வரத்தான் வழியில்லை. கடைசியாகக் கண் எரிய ஆரம்பித்தது. மிளகாய் இடித்த கையால் தொட்டுவிட்டது போல எரிச்சல், உள்ளே மணல் கிடக்கிறது போல உறுத்தல். கள்ளக்குறிச்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு இமை தானாக அடித்துக்கொள்ளும், இந்த நோயில் இமை அதை மறந்துவிடும், அதனால்தான் கண் காய்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதினார். ஃபேன் காற்று நேராக முகத்தில் படக் கூடாது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைக்க வேண்டும், எல்லாவற்றையும்விட ஞாபகம் வைத்து இமைக்க வேண்டும் என்றார்.

கையில் நடுக்கம் இருந்ததால் மருந்தை அவரே விட்டுக்கொள்ள முடியாது. விட்டால் காதில் விழும், மீசையில் விழும். அந்த வேலையை மனைவி ஆயம்மாள் எடுத்துக்கொண்டாள். இமைக்கும் வேலையை யாரிடமும் கொடுக்க முடியாதே. அதற்கும் அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஞாபகம் வச்சிக்கினு கண்ண மூடுறது ஒரு வேலையா? ரோட்டுல பஸ்ஸு லாரி எது போனாலும் ஒரு வாட்டி மூடித் தொறங்க. அம்மாந்தான்."

சேலம் ரோட்டில் வண்டிக்கா பஞ்சம்? கடலூர் பஸ், சேலம் பஸ், மரவள்ளிக் கிழங்கு லாரி, சவுக்குக் கட்டை லாரி என்று எல்லாம் அவருடைய கண்ணுக்காகவே ஓடின. சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று கண்டுபிடித்து, கனமான லாரிக்கு இரண்டு தடவை இமைத்தார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது, எரிச்சல் கட்டுக்குள் இருந்தது. மறியல் வந்து ரோடு அமைதியானதும் இமைக்கச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆயம்மாள் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக என்ஜின் சத்தத்துக்குப் பழகிய இமை, பெண்டாட்டி பேச்சைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு எதிரே ரோட்டு வளைவில் இருந்த புளியமரத்தை அறுத்தவன் அவர்களுடைய ஒரே மகன் இளஞ்செழியன். அது தெய்வசிகாமணி ஏலம் எடுத்திருந்த மரங்களிலேயே நன்றாகக் காய்க்கிற மரம். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்திருந்த மகன், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தான். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே சாய்த்தால் கரண்ட் கம்பி அறுந்து வீட்டின்மேல் விழும், கிழக்கே சாய்க்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. மகன் கயிறு கட்டிக் கிழக்கேதான் சாய்த்தான். தெய்வசிகாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கோ கிழவர் கண் கொட்டாமல் முறைக்கிறார் என்றுதான் பட்டது. கண்ணே மூடாத ஆள் என்று பையன்கள் அவரை அப்படியே காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். போலீஸ் வேன் வந்தால் சத்தம் கொடுங்கள் என்றார்கள். சத்தம்தான் அவரிடம் கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வாரம் முடிகிற அன்று சாயந்திரம், மரம் வெட்டியவர்களின் பெயரைப் போலீஸ் ஊர் ஊராக வந்து எழுதுகிறது என்ற செய்தி வந்தது. இளஞ்செழியன் ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றான்.

"நான் மேக்கால போறேன். திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு நைனா. ஒன் மரந்தான் அது."

தெய்வசிகாமணி, பத்திரமாகப் போ என்று சொல்ல நினைத்தார். அந்தச் சொல் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து, அங்கே வழி தெரியாமல் நின்றது. மகன் காத்திருந்தான். அவனும் பாவம், முகத்தைப் பார்த்தான், முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணைப் பார்த்தான், காய்ந்து சிவந்து அவனையே வெறித்துக்கொண்டிருந்தது.

"போறவனப் பாத்து ஒரு சொட்டுத் தண்ணி வரலயே. அவ்ளோ கோவமா?" என்று சொல்லிவிட்டு வயல் வழியாக இறங்கிப் போய்விட்டான். கொஞ்சம் கழித்து அவருடைய வாயிலிருந்து, "பத்திரமா போ," என்று வந்தது. வாசலில் அப்போது ஒரு கோழிதான் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மரங்களை இழுத்துப் போட்டார்கள், முதல் பஸ் வந்தது. அதன் சத்தத்துக்கு அவர் கண்ணை மூடினார். இமை உமியில் உரசிக்கொண்டு இறங்கியது போல இருந்தது. ஈரம் துளிகூட இல்லை. அன்று முழுக்க அவர் அழுதார். அழுகை நெஞ்சில் திரண்டதும், பிறகு அது எங்கோ வெளியேறி நெஞ்சு லேசானதும் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கன்னம் காய்ந்தே கிடந்தது. மரத்திலிருந்து உதிர்ந்த பழம் தரையில் இல்லையென்றால் யாருடைய மடியிலோ இருக்கிறது என்று பொருள். இது அவருடைய தொழில் அனுபவம். அதனால் தன் கண்ணீரும் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். டாக்டரோ கருவிழியில் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது, இப்படியே காய்ந்தால் பார்வை மங்கும் என்று ஆயம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னாலும் அவருக்கும் கேட்டது. பார்வை போவதற்குள் மகனை ஒருதரம் பார்க்க வேண்டும், கோபம் இல்லையடா என்று எப்படியாவது தெரிவிக்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். தினமும் மேற்கிலிருந்து சாயந்திர பஸ் வருகிற நேரத்தில் அந்த ஆசை அவரைப் போட்டுப் பிழிந்தது.

தை மாதம் சின்னதுரை மலையிலிருந்து இறங்கினார். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவர். மலைப்புளியும் கடுக்காயும் கொண்டுவந்து தெய்வசிகாமணியிடம் போட்டுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவது அவருடைய வழக்கம். இந்தத் தடவை உப்பு வேண்டாம் என்றார். ஆயம்மாள் ஏன் என்று கேட்டாள்.

"ஒரு பையன் வந்து நம்ம மாட்டுக் கொட்டாயில தங்கிக்கினு இருக்கான். பேரு கேக்காதீங்க. மழ இல்ல, பனி இல்ல, அவன் படுக்கிற எடத்துக்கு மேல மட்டும் சொட்டுது. பாய நவுத்திப் போட்டா அங்கியும் வந்து சொட்டுது. நாக்குல வச்சிப் பாத்தேன், கரிக்குது. சட்டி வச்சிப் புடிச்சிச் சாம அரிசிக் கஞ்சிக்கு ஊத்திக்கிறோம். மாடுங்க அவன் தோள நக்கிக்கினே நிக்கிதுங்க."

"எந்நேரத்துல சொட்டுது?" என்று கேட்டாள் ஆயம்மாள்.

"காலைல கம்மி. சாயந்திரம் ஆனா ஜாஸ்தி."

தெய்வசிகாமணியின் விரல்கள் நாலு வருஷத்தில் முதல்முறையாகப் புளியங்கொட்டையை உருட்டாமல் சற்று நேரம் நின்றன.

"அது அவங்க நைனா அழுவுறது. போய்ச் சொல்லுங்க," என்றாள் ஆயம்மாள். சின்னதுரை அவருடைய வறண்ட கண்ணை ஒருதரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அடுத்த மாதம் பதில் கொண்டுவந்தார். பையன் நம்பவில்லை. எங்க நைனா மரத்துக்கு வேணும்னா அழுவாரு, எனக்கு அழுவ மாட்டாரு, இது எங்கம்மாவா இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சொட்டுக்கு ஒதுங்கிப் படுத்துக்கொண்டானாம். ஆயம்மாளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய கண்ணீர் பூராவும் இந்த வீட்டில்தான் சிந்தி, இந்த முந்தானையிலேயே துடைத்துத் தீர்ந்துகொண்டிருந்தது, மலை ஏற அதில் மிச்சம் ஏது? தெய்வசிகாமணிக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு மலையில் சட்டி நிரம்பி வழிந்ததாக மட்டும் பிறகு தெரியவந்தது.

அந்த வருஷம் கோடையில் எரிச்சல் தாங்க முடியாமல் போயிற்று. கிணற்றடியில் இருந்த அடுக்கு நந்தியாவட்டைச் செடியிலிருந்து பூப்பறித்து, மத்தியானத்தில் அவரைப் படுக்கவைத்து, கண்ணுக்கு ஒரு பூவாக வைத்து ஈரத்துணி கட்டினாள் ஆயம்மாள். நம் பக்கத்தில் கண் எரிச்சலுக்குச் செய்வதுதான். துணியை அவிழ்த்தபோது பூ இல்லை. தலையணையைத் தட்டினாள், பாயை உதறினாள், கோழியைச் சந்தேகப்பட்டாள். மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் தேடுவதை விட்டுவிட்டாள். தினமும் வைத்தாள், தினமும் போயிற்று.

சின்னதுரை மறுபடி இறங்கியபோது முதலில் அதைத்தான் சொன்னார்.

"இப்ப தண்ணியோட பூவும் வுழுது. மலைல இந்தப் பூ கெடையாது. பையன் கைல எடுத்துப் பாத்தான். எங்க கெணத்தடிப் பூ இது, எரியிற கண்ணுக்குத்தான் எங்கம்மா வைக்கும், எங்க நைனாவுக்குத்தான் கண்ணு எரியும், அப்டின்னான். ராத்திரி பாய நவுத்தல. மூஞ்சி மேல சொட்டச் சொட்ட அப்டியே படுத்துக்கினு இருந்தான்."

அதைக் கேட்ட தெய்வசிகாமணி ஏதோ சொல்ல முயன்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சின்னதுரை காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

எண்பத்தொன்பதில், கேட்டவர்களுக்குப் பங்கு உண்டு என்று அரசாங்கம் ஆணை போட்டது. வழக்குகள் ஒவ்வொன்றாக நீர்த்துப்போயின. ஒருநாள் சாயந்திரம் மேற்கிலிருந்து பஸ் வந்தது. தெய்வசிகாமணி வழக்கம்போலக் கண்ணை மூடித் திறந்தார். மூடும்போது ரோடு காலியாக இருந்தது, திறக்கும்போது இளஞ்செழியன் நின்றுகொண்டிருந்தான். கறுத்து மெலிந்திருந்தான். சட்டையின் தோளில் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. பார்வை கொஞ்சம் மங்கியிருந்தாலும் அவருக்கு அது தெரிந்தது, முகமும் தெரிந்தது.

அவன் பையை வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். அவர் முகம் அசையவில்லை. கண் காய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது, அன்று பார்த்த அதே பார்வை. வா என்ற ஒரு சொல் உள்ளே எங்கோ கிளம்பியிருந்தது, வந்து சேரவில்லை. வைகாசி வெயில் காய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டில், ஓட்டுக்கடியிலிருந்து ஒரு சொட்டு இளஞ்செழியனின் பிடரியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல் விழ ஆரம்பித்தது. அவன் கழுத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்பாவின் ஆடுகிற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"வுடு நைனா. சொல்ல வாணாம். தெரியுது."

ஆயம்மாள் சமையல்கட்டிலிருந்து சட்டி கொண்டுவந்து வைத்தாள். ஓடு மாற்ற ஆள் வந்து ஏறிப் பார்த்துவிட்டு, ஓட்டை எதுவும் இல்லை என்று சொல்லி, வந்ததற்கு இரண்டு ஓடு மாற்றிவிட்டு இறங்கினார். சொட்டுவது நிற்கவில்லை. மூன்றாம் நாள் இளஞ்செழியன் காலி மருந்துக் குப்பியைக் கழுவி, சட்டியிலிருந்து நிரப்பி, அப்பாவின் தலையை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து, கண்ணுக்கு இரண்டு சொட்டாக விட்டான். எரிச்சல் அடங்கியது. கொஞ்சம் கூடுதலாக விட்டது கன்னத்தில் வழிந்தது, அதை யாரும் துடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவனுக்குத் திருக்கோவிலூரில் அரசாங்க வேலை கிடைத்தது. ஆபீசில் அவன் நாற்காலிக்கு மேலும் சொட்டியது. கூட வேலை பார்த்தவர்கள் கட்டடம் பழசு என்று ஃபைலைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவன் ஒரு டம்ளரில் பிடித்துக் குப்பியில் ஊற்றிச் சாயந்திர பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு கண் மருந்து வாங்கவில்லை. மலையிலிருந்து இறங்கினால் சின்னதுரைதான் மறுபடி உப்பு வாங்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது.