நான்கு குச்சிகள்

மனைவியை வீட்டை விட்டுக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அவளுடைய அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு கண் திறக்காமலே போனதிலிருந்து, இரண்டு மாதமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. நான் தையற்காரன். அளவெடுக்கத் தெரியுமே தவிர ஆறுதல் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கழிமுகத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வெட்டி வேலை. மணல்திட்டில் ஆட்காட்டி நாலு முட்டை இட்டிருக்கிறது, இன்றோ நாளையோ பொரித்துவிடும், பொரித்த அன்றே குஞ்சு எழுந்து ஓடும் என்றெல்லாம் ஆசை காட்டித்தான் அழைத்து வந்தேன்.

போன வாரம் தண்ணீர் வற்றியிருந்தபோது முழங்கால் சேற்றில் அந்தத் திட்டுக்கு நடந்தே போனேன். ஆட்காட்டி கூடெல்லாம் கட்டாது. வெறும் மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். நண்டு பிடிக்க வருகிறவர்கள் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் நாலு குச்சி நட்டு, கடையில் மிஞ்சிய சிவப்பு லைனிங் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்று கடல் ஏறியிருந்தது. திட்டுக்கும் எங்களுக்கும் நடுவே சுழித்து ஓடும் தண்ணீர். தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள்.

"உக்காந்திருக்கா. எப்படி முழிக்கிறா பாருங்க," என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க குச்சி மேல ஒரு காக்கா உக்காந்திருக்குங்க."

அந்த மொட்டைத் திட்டில் காக்கை உட்கார்ந்து நோட்டம் பார்க்க இடமே கிடையாது. நான்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

கையைத் தட்டிக் கத்தினேன். அதையும் செய்திருக்கக் கூடாது. காக்கை அசையவில்லை. ஆட்காட்டிதான் என்னை எதிரி என்று நினைத்து முட்டையை விட்டு எழுந்து வந்தது. ஜோடியும் சேர்ந்துகொள்ள, இரண்டும் எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி அலறின. வாயைப் பொத்திக்கொண்டு குந்தினேன். அப்படியும் அவை போகவில்லை. அதற்குள் இன்னொரு குச்சிக்கு இன்னொரு காக்கை வந்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இழுப்பில் என்ன செய்திருக்க முடியும்?

பார்க்காதே என்றேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. காக்கைகள் நாலு முட்டையையும் கொத்தி முடிக்கும்வரை பார்த்தாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள். தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து, "நானும் அப்படி நெனச்சுத்தான அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

இரண்டு மாதமாக ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். இப்படி ஒன்று அவள் மனதில் கிடப்பது எனக்குத் தெரியவே இல்லை.

அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். குனிந்து பார்த்தேன். ஆட்காட்டி திரும்பி வந்திருந்தது. குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தது. நெஞ்சு இறகுகளை விரித்துக்கொண்டு, அடியில் இருப்பவற்றைச் சரிசெய்வதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, மெல்ல உட்கார்ந்துகொண்டது.