கூழைக்கடாவின் ரத்தம்

மாமனார் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஆலயக் குழுவுக்குத் தலைவரான பிறகு கேட்கவே வேண்டாம். மருமகள் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிற கண்ணாடிக்காரி; அவளும் பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை.

சிற்றாலயத்தின் பக்கச் சுவர் ஜன்னலில் அவள் வண்ணக் கண்ணாடியால் ஒரு கூழைக்கடாவைச் செய்து பொருத்தியிருந்தாள். இரை கிடைக்காத காலத்தில் தாய்ப்பறவை தன் நெஞ்சைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் அது கிறிஸ்துவுக்கு அடையாளம். வெள்ளைச் சிறகு, வெளிர்நீல வானம், நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பைத் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைக்குள் உட்கார வைப்பதற்குள் எத்தனை துண்டுகளை உடைத்தாளோ! முடித்தபோது, 'என்னைப் போல யார்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாமனார் வந்து பார்த்தார்.

"ரத்தமும் கித்தமும் எதுக்கும்மா? பாத்தாலே குலை நடுங்குது. அத எடுத்துட்டு வெள்ளையப் போடு."

"அத எடுத்துட்டா இது வெறும் மீன் பிடிக்கிற பறவை, மாமா."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன், இது மாறும்னு."

சொன்னபடியே மறுநாள் பூசை முடிந்ததும் எழுந்தார். கண்ணாடிக்காரி தனியாகச் செய்த முதல் ஜன்னல் அது. சிவப்பு போனால் ஜன்னலே போன மாதிரிதான்.

அவர் கையை நீட்டி ஜன்னல் பக்கம் திரும்பினார். மேகம் விலகி ஜன்னல் வழியே வெயில் இறங்கியது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் சிவப்பாக ஒரு திட்டு விழுந்தது.

பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தார். சிவப்பு கைக்குட்டைமேல் ஏறியது. கையால் தட்டினார், விரல்மேல் ஏறிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

மாமியார் எழுந்தார். நாலு பேர் முன்னால் கணவரை எதிர்த்து வாய் திறக்காதவர்.

"தொடைக்காதீங்க. நமக்காகச் சிந்துனது. தொடச்சாப் போயிடுமா?"

ஓரெட்டு நகர்ந்தால் சட்டை வெள்ளையாகிவிடும். அவர் நகரவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இந்த ஜன்னலச் செஞ்சது என் மருமக. இதுல ஒரு சில்லுகூட மாறாது."

நாலு பேர் பாராட்டினால் தலையைக் குனிந்துகொள்வதுதான் அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். கண்ணாடிக்காரி குனியவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று எழுந்து நின்றாள்.