பன்னிரண்டாம் தடத்தில் இரண்டு விரல் அகலம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். என் மேசைக்கு அடியில் எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. பாதி சிவப்பு, பாதி நீலம், குதிகாலில் கொட்டை எழுத்தில் ஆறாம் நம்பர். பௌலிங் கூடத்தின் வாடகை ஷூ. என் செருப்பு அங்கே கவுண்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு மரப்பொந்தில் மூன்று வாரமாகக் கிடக்கிறது.

அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மதியம் பௌலிங் போனோம். நான் உருட்டிய முதல் ஏழு பந்துகள் ஓரக் கால்வாயில் விழுந்தன. எட்டாவது பக்கத்துத் தடத்துக்கே போய்விட்டது. அதற்கப்புறம் எனக்கு யாரும் பந்து தரவில்லை. நானும் மானத்தோடு கவுண்டர் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தேன். அதற்குப் பக்கத்துத் தடங்களில் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மனிதர் ஒரு பெண்மணியிடம் மூடிய கையை விரித்துக் காட்டினார். அந்தப் பெண்மணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்று செய்தார். என்ன செய்தார் என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

"யாருங்க அவங்க?" என்று கவுண்டரில் கேட்டேன்.

"அவரு லேனுக்கு எண்ணெய் போடுறவரு. அது அவரு சம்சாரம்."

அதற்குள் வண்டி வந்துவிட்டது என்று என்னைத் தரதரவென்று இழுத்துப் போய்விட்டார்கள். ஷூவோடு போய்விட்டேன். இந்தக் கதையில் உண்மை இவ்வளவுதான். மீதியெல்லாம் கைச்சரக்கு.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"வாழ்க்கை என்பது வழுக்கும் ஒரு தடம்..." (இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"இடி இடித்தது போல் பத்துப் பின்களும்..." (இடியே இல்லை. பிளாஸ்டிக் பாத்திரம் விழுந்த சத்தம்தான்.)

"எண்ணெய்க்காரர் அன்று காலை மச்சினன் வீட்டுச் சோபாவில், கழுத்து சுளுக்கிக்கொண்டு எழுந்தார்." (இது இருக்கட்டும்.)

ஆனால் அவர் ஏன் மச்சினன் வீட்டுச் சோபாவில் படுத்தார் என்பது புரிய வேண்டுமென்றால் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

பௌலிங் தடம் பளபளக்கிறதே, அதன் மேல் மெல்லிய எண்ணெய் பூசியிருக்கிறது. நாம் நிற்கும் பக்கமிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரம் எண்ணெய். பந்து தட்டிச் சாய்க்க வேண்டிய பத்துப் பின்கள் இருக்கும் பக்கம் காய்ந்த தரை. வாடகைக்குத் தரும் பிளாஸ்டிக் பந்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, உருட்டினால் நேராகப் போகும் (என்னுடையதைத் தவிர). ஆடத் தெரிந்தவர்கள் வைத்திருப்பது ரியாக்டிவ் பந்து. அதன் தோல் ஒருவகை ரெசின், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. எண்ணெயில் அது சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடம் பட்டதோ இல்லையோ, தரையைப் பிடித்துக்கொண்டு சட்டென்று வளையும். வலது கைக்காரர் வலப்பக்கம் விட்ட பந்து இடப்பக்கம் திரும்பி, முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே புகும். அப்படிப் புகுந்தால்தான் பத்தும் விழும், அதற்குப் பெயர் ஸ்ட்ரைக். சீக்கிரம் வளைந்தாலும் கெட்டது, தாமதமாக வளைந்தாலும் கெட்டது.

போதாததற்கு இந்தப் பந்து எண்ணெயைக் குடிக்கும். ஆட ஆடத் தடத்தில் எண்ணெய் குறையும், பந்துக்குள் ஏறும். தடம் முதல் ஆட்டத்தில் இருந்த மாதிரி மூன்றாவது ஆட்டத்தில் இருக்காது.*

எங்கே எண்ணெய், எங்கே வறட்சி என்பது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. பந்து போகிற போக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உருட்டுவதற்கு முன்பே அது தெரிந்தவர் கூடத்தில் ஒரே ஒருவர்தான். அதைப் பூசியவர்.

(இங்கே 'கதை எழுதுவதும் இப்படித்தான்' என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் ஏற்கெனவே யூகித்திருப்பீர்கள்.)

* குடித்ததைக் கக்க வைக்க, விரல் துளைகளை டேப் போட்டு அடைத்து, பந்தை வெந்நீர் வாளியில் ஊற வைப்பார்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும். எங்கள் வீட்டில் இதைச் செய்தால் வாளியோடு என்னையும் வெளியே வைத்துவிடுவார்கள்.

3

அவர் மனைவி பல் செட் செய்பவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், யாரோ ஒருவருடைய வாய்க்காக நாளெல்லாம் ரெசினை வார்த்து, உரசி, மெருகேற்றுகிறவள். எதை எவ்வளவு தேய்த்தால் வழுக்கும், எவ்வளவு தேய்த்தால் பிடிக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அந்த விரல்களால்தான் பந்தையும் விடுகிறாள். கத்தரிப்பூ நிறப் பந்து. அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

(கணவனுக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்' என்பது எந்த ஊர் நியாயம் என்று கையெழுத்துப் பிரதியைப் படித்த என் தங்கை கேட்டாள். கதை எண்ணெய்க்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுகிறது, அவருக்கு அவள் 'அவள்'தான் என்றேன். "சமாளிக்கறே" என்றாள். ஆமாம்.)

வயது நாற்பத்தொன்பது. இரண்டு வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டம் வரை வந்து இரண்டாவதாக நின்றவள். இது மூன்றாவது முறை. ஜெயித்தால் அணியில் இடம், வெளிநாட்டில் போட்டி. தோற்றால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று இன்னொரு முறை எல்லோரும் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டது அவள்தான்.

"எண்ணெயப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை வரக் கூடாது. நீங்க தூக்கத்துல உளறினாக்கூட வம்புதான். நான் ஜெயிச்சா நான் ஜெயிச்சதா இருக்கணும்."

"அதுக்குன்னு நான் தூங்காம இருக்கவா?"

"என் தம்பி வீட்ல போய்த் தூங்குங்க."

வேடிக்கைக்குச் சொன்னது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. போட்டிக்கு முன்தினம் எண்ணெய்க்காரர் ஒரு பையில் சட்டையும் பல் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போய்விடுவார். இப்போது சோபா விஷயம் புரிந்ததா?

4

முதல் பிரதியில் இந்த மனிதரைப் பெரிய கில்லாடியாக எழுதியிருந்தேன். மனைவிக்காக ரகசியமாக எண்ணெயை மாற்றிப் பூசுகிறவர். மூன்று பக்கம் ஓடியது. ஆனால் நான் பார்த்த அந்த விரிந்த கை கில்லாடியின் கை அல்ல. திருடினவன் கையை விரித்துக் காட்ட மாட்டான். எனவே மூன்று பக்கமும் குப்பைக்குப் போயிற்று.

ஆகவே, நடந்தது ஒரு பிழை.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு பதினொன்றாம், பன்னிரண்டாம் தடங்களுக்கு மட்டும் புதிதாக எண்ணெய் பூச வேண்டும். எந்திரத்தை ஓட விட்டார். அது போய்த் திரும்பி வந்தது, அவரும் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். எதிராளி ஒரு நீச்சல் ஆசிரியை, இடது கைக்காரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று பதினொன்றில், அடுத்த சுற்று பன்னிரண்டில் என்று மாற்றி மாற்றி, ஆளுக்குப் பத்துச் சுற்று.

இரண்டாம் சுற்றில், பன்னிரண்டாம் தடத்தில், மகாராணி பாதி வழியிலேயே தரையைப் பிடித்தது. வளைந்து, முதல் பின்னுக்கு இடப்பக்கமாகக் குறுக்கே ஓடி, நாலு பின்னை நிற்க வைத்துவிட்டுப் போனது. நாலாம் சுற்றிலும் அதே தடம், அதே கதி. அவள் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். குழம்பினால் அப்படிச் செய்வாள்.

எண்ணெய்க்காரருக்குச் சந்தேகம் தட்டியது. பின்னறைக்கு ஓடி எந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். எண்ணெய் சிந்தும் வரிசையில் ஒரு சின்ன உலோக மூக்கு பஞ்சுத் தூசியால் அடைத்திருந்தது, பதினொன்றாம் தடத்தைப் பூசி முடித்த பிறகு அடைத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் தடத்தில், வலது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெயே விழவில்லை. அவள் பந்து போகும் பாதை அதுதான். இடது கைக்காரியின் பந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

மூக்கைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார். உடனே மேலாளரிடம் சொன்னால் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி பூசி, முதலிலிருந்து ஆட வைப்பார்கள். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் அவள் இருபத்திரண்டு புள்ளி பின்தங்கியிருந்தாள். 'பொண்டாட்டி தோக்கறான்னதும் புருஷன் ஓடி வந்துட்டான்' என்று கூடமே சிரிக்கும். அவள் முகத்தில் ஈயாடாது.

சொல்ல வேண்டியதை மென்று விழுங்கினார். அடுத்த சுற்று முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரும் முடிக்கவில்லை.)

5

ஆறாம் சுற்று. அவள் தடத்தின் மரப்பலகைக் கணக்கில் நாலு பலகை இடப்பக்கம் தள்ளி நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. மகாராணி நடு எண்ணெயில் வழுக்கிப் போய், வலப்பக்கம் சாய்ந்து, அந்த வறண்ட கோட்டைத் தொட்டதும் திரும்பியது. பத்தும் விழுந்தன. எண்ணெய்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான், வேறென்ன.

எட்டாம் சுற்றில் அவள் கை தப்பியது. வேர்வையாக இருக்கலாம். பந்து அளவுக்கு மீறி வலப்பக்கம் போயிற்று. தடம் சரியாக இருந்திருந்தால் அது அப்படியே வழுக்கிப் போய் ஓரத்தில் இரண்டு மூன்று பின்னைத் தட்டிவிட்டு விழுந்திருக்கும். ஆனால் இரண்டு விரல் வறட்சி அதைப் பிடித்து, சமர்த்தாக உள்ளே அனுப்பி வைத்தது. மறுபடி பத்து. கூடம் கைதட்டியது. அவள் இப்போது முன்னால்.

எண்ணெய்க்காரர் கைதட்டவில்லை. முன்பு வாயை மூடியிருந்தது அவளுக்கு நஷ்டம். இப்போது வாயை மூடியிருந்தால் நீச்சல் ஆசிரியைக்கு நஷ்டம். அப்போது சொல்லியிருந்தால் புருஷன் காப்பாற்றினான் என்பார்கள். இப்போது சொன்னால் புருஷனே கவிழ்த்தான் என்பார்கள். போயும் போயும் ஒரு பேச்சுக்குப் பயந்தோமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கையில் மூக்கு இருந்ததால் அதையும் செய்ய முடியவில்லை.

அவள் துண்டு எடுக்க வருகிற சாக்கில் அவர் பக்கம் வந்தாள்.

"கை தப்பிடுச்சுங்க."

"ம்."

"ஆனா பந்து திரும்பி வந்துடுச்சு."

"ம்."

"அது என் ஸ்ட்ரைக் இல்ல. இனாமா வந்தது. எனக்குத் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சட்டம் போட்டவளே கேட்கிறாள். எண்ணெய்க்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் கையை விரித்தார்.

6

இங்கிருந்து நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) மேலாளரிடம் சொல்கிறார்கள். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. அவள் அபாரமாக ஆடி ஜெயிக்கிறாள். (எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. நல்லவர்களுக்கு உடனே கூலி கொடுத்தால் அவர்கள் நல்லவர்களா என்றே தெரியாமல் போய்விடுகிறது.)

ஆ) சொல்லவில்லை. கோப்பை வீட்டுக்கு வருகிறது. "ஃப்ரிட்ஜ் மேல வைக்கவா, ஷோகேஸ்ல வைக்கவா?" என்று கேட்கிறாள். அவர் எங்கேயும் பார்க்காமல், "உன் தம்பி வீட்ல வெச்சிடலாமா?" என்கிறார். (இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்குப் பிடிக்காது.)

இ) திடீரென்று மின்சாரம் போய்விடுகிறது. (ஆளை விடுங்கள், நான் அன்று களைத்திருந்தேன்.)

7

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். இதில் கைச்சரக்கு எதுவும் இல்லை.

அவர் கை விரிந்திருந்தது. நடுவில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஏதோ மின்னியது. அவள் குனிந்து பார்த்தாள், பல் செட்டைப் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அந்தக் கையை மூடினாள். மூடிய கையின் மேல் தன் கையை ஒரு நிமிடம் வைத்திருந்தாள். சிரித்தாளா என்றால், முதுகுதான் தெரிந்தது. அவர் முகம் தெரிந்தது. தூக்கிக்கொண்டிருந்த சுமையை ஒருவர் பாதி வாங்கிக்கொண்டால் வருமே, அந்த முகம்.

பிறகு அவள் நடந்தாள். பந்து வைக்கும் ரேக்கும் மேலாளர் மேசையும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. முதலில் ரேக், அதைத் தாண்டி நாலு அடியில் மேசை. 'இது நமக்குள்ளயே இருக்கட்டும்' என்று சொல்லவும் ஒரு கையை மூடலாம். 'நீங்க சும்மா இருங்க, நான் சொல்லிக்கறேன்' என்று சொல்லவும் மூடலாம். அவள் ரேக்கை நெருங்கும்போது என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

இந்த மூன்று வாரத்தில் அவளை ரேக்கில் நிறுத்தி ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் அவள் பந்தை எடுக்கக் குனிந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மேசை வரை நடக்க வைத்தும் எழுதினேன். அங்கே போனதும் பிரசங்கம் செய்தாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அதனால்தான் நான் இன்னும் போகவில்லை. தோற்றிருப்பாளோ என்று பயமில்லை. ஜெயித்திருந்தால், எப்படி ஜெயித்தாள் என்று கேட்கத்தான் பயம்.

உங்களுக்கு அந்தப் பயம் இல்லையென்றால் நீங்கள் போய்க் கொடுத்துவிடுங்கள். ஆறாம் நம்பர், ஒரு கயிற்று நுனி பிய்ந்திருக்கும். போகும்போது ரேக்கிலிருந்து மேசை வரை நடந்து பாருங்கள். என் காலுக்கு நாலு அடி. கையில் பந்து இல்லாமல், முதுகுக்குப் பின்னால் ஒருவர் கையை மூடிக்கொண்டு நின்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நடந்து முடித்தால் அவள் என்ன செய்தாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டாம். என் செருப்பை மட்டும் வாங்கி வாருங்கள்.